திரைப் பயிற்சியும் மடி விளையாட்டும்

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் நடமாடும் மருத்துவக் குழு, 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் பட்டியலை வைத்துக்கொண்டுதான் குழந்தைகளைப் பார்க்கிறது. பிறவி இதயக் கோளாறு அதில் ஒரு வரி. பல வரிகள் தள்ளி, அறிவு வளர்ச்சித் தாமதம் என்று இன்னொரு வரி. இரண்டும் ஒரே குழந்தைக்கு வரக்கூடும், முதல் வரியில் குறி விழுந்த குழந்தையை இரண்டாவது வரிக்காகவும் விடாமல் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலைப் படித்தால் புலப்படாது.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் ஒரு குழந்தைக்கு "நெஞ்சுல ஓட்டை" என்று தெரியவந்தால், அடுத்து எங்கே போவது என்பதற்கு இன்று வழி இருக்கிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர் அல்லது சென்னை. கையில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. ஒரு தலைமுறைக்கு முன் இந்த ஊர்ப்பக்கத்தில் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் தையல் ஆறியபின் அந்தக் குழந்தை எப்படிப் பேசுகிறது, சொன்னதை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

பார்க்க வேண்டிய காரணம் வலுவானது. கடுமையான இதயக் கோளாறு உள்ள சிசுவின் மூளைக்குக் கருவிலேயே போதிய ஆக்சிஜன் போவதில்லை. நிறைமாதத்தில் பிறந்தாலும் அதன் மூளை ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கிய முதிர்ச்சியில் இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறகு அறுவை, தீவிர சிகிச்சைப் பிரிவு, நீண்ட படுக்கை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 1988 முதல் 1992 வரை, பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த 171 சிசுக்களுக்கு அறுவை செய்து, பதினாறு வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி அறிவுத்திறனில் பெரிய குறை இல்லை. ஆனால் பதினாறு வயதில் திரும்ப வந்தவர்களில் 65 சதவீதம் பேருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ எப்போதாவது தனி உதவி தேவைப்பட்டிருந்தது. கவனத்தை நிறுத்துவது, திட்டமிடுவது, அவசரத்தை அடக்குவது ஆகியவற்றில்தான் இடறல். சிறிய ஓட்டையோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தக் கவலை வேண்டாம். முதல் வயதிலேயே திறந்த இதய அறுவை செய்துகொண்ட குழந்தைகளும் உடல் நீலம்பாரித்துப் பிறந்த குழந்தைகளும்தான் நம் பேச்சுக்குரியவர்கள்.

இவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது? உலகில் முயன்று பார்த்த வழிகளுள் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது கணினித் திரையில் நடப்பது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த டோர்கெல் க்ளிங்பெர்க்கின் ஆய்விலிருந்து வளர்ந்த 'காக்மெட்' இதில் பெயர் பெற்றது. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், நாளுக்கு அரை மணி முதல் முக்கால் மணி. திரையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அதே வரிசையில் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் வரிசை நீளும். இதயக் கோளாறோடு வளர்ந்த பதின்ம வயதினருக்குப் பாஸ்டனில் இதைக் கொடுத்துச் சோதித்தபோது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனில் முன்னேற்றம் தெரிந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பாடம் படிக்க அது உதவுமா என்ற கேள்விக்கு மெல்போர்னில் நடந்த ஓர் ஆய்வு சொன்ன பதில் கறாரானது. நினைவுத்திறன் குறைந்த 452 முதல் வகுப்புக் குழந்தைகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் படிப்பில் முந்தவில்லை. அவர்கள் இதயக் கோளாறு உள்ள குழந்தைகள் அல்லர், உண்மைதான். ஆயினும் விளக்கு வரிசையில் தேறிய பிள்ளை வாய்ப்பாட்டிலும் தேறும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

இரண்டாவது வழியில் பயிற்சி முதலில் தாய்க்கு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மெக்கஸ்கர் குழுவினர், கடுமையான இதயக் கோளாறோடு பிறந்த சிசுக்களின் குடும்பங்களோடு வேலை செய்தார்கள். நோயைப் பற்றித் தெளிவாகச் சொன்னார்கள். பயத்தைப் பேசித் தணித்தார்கள். பாலூட்டுவதையும் குழந்தையோடு விளையாடுவதையும் கற்றுக்கொடுத்தார்கள். ஆறாம் மாதத்தில் அந்தக் குழந்தைகள் அறிவு வளர்ச்சி அளவையில் மேலாக நின்றார்கள். நான்கைந்து வயதில் பள்ளி சேரும் குழந்தைகளின் குடும்பங்களோடு அதே குழு நடத்திய இன்னொரு சோதனையில், தாய்மாரின் மனநலம் தேறியது, நோயென்று பள்ளிக்குப் போகாத நாட்கள் குறைந்தன. குழந்தையின் நடத்தையில் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. ஆகவே இதுவும் சர்வரோக நிவாரணி அல்ல.

எனினும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் என் சாய்வு இரண்டாவது வழிக்குத்தான். அந்த வயதில் கவனமும் நினைவும் தனித்தனித் தசைகளைப் போல முறுக்கேற்றக் கூடியவை அல்ல. மொழி, கைவேலை, எதிரே இருக்கும் முகம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடப்பவை. இதே திருவாமாத்தூருக்குக் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் நடவாதவர். ஒருவர் பாதி சொல்ல மற்றவர் மீதியை முடிப்பார் என்பார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையே நடப்பதும் அதுதான். குழந்தை ஒலி எழுப்ப, தாய் அதைச் சொல்லாக்கித் திருப்பித் தருகிறாள். திரை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டாலும் அந்தக் குறிப்பிட்ட குழந்தை இன்று எதைப் பார்த்துச் சிரித்தது என்று அதற்குத் தெரியாது.

வீட்டு விளையாட்டின் பலம் ஜமைக்காவில் நெடுங்காலத்துக்கு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 1980களில் கிங்ஸ்டனில், சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை போய், வீட்டில் கிடைக்கும் பொருளில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயை விளையாட வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள்தான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். இங்கும் நோய் வேறு. ஆனால் ஏழை வீடு, குறைந்த படிப்புள்ள தாய், பக்கத்து ஊர்ப் பணியாளர் என்ற சூழ்நிலை விழுப்புரம் மாவட்டத்துக்குப் பாஸ்டனைவிட எவ்வளவோ நெருக்கம்.

நம்மிடம் விளையாட்டுக்கும் பஞ்சமில்லை. கல்லா மண்ணா ஆடும் குழந்தை, சொன்ன இடத்தில் காலை வைக்காமல் அடக்கிக்கொள்ளப் பழகுகிறது. பல்லாங்குழியில் எண்ணிக்கையும் நினைவும் சேர்ந்து நடக்கின்றன. கைக்குழந்தைக்கு உள்ளங்கையில் பருப்பு கடைவதும் நண்டூறுவதும் அடுத்து வரப்போவதை எதிர்பார்க்கக் கற்றுத்தருகின்றன.

தடை வேறிடத்தில் இருக்கிறது. "ஆபரேஷன் பண்ண புள்ள, ஓடவிடாத, அழவிடாத" என்று வீடு முழுக்கக் குழந்தையைப் பொத்திவைக்கிறது. அழாமலிருக்க செல்போன் கைக்கு வருகிறது. அந்தப் பயத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் விளையாட்டும் பேச்சும் அதிகம் தேவைப்படும் குழந்தைக்கே அவை குறைவாகக் கிடைக்கின்றன. எவ்வளவு ஓடலாம் என்று மருத்துவர் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால், தாய்க்குப் பாதிப் பயம் தீரும். பெல்ஃபாஸ்ட் குழு முதலில் பயத்தைத்தான் தொட்டது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பள்ளி வயதை எட்டி, கவனச் சிதறலால் படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குத் திரைப் பயிற்சியை ஆசிரியர் உதவியோடு சேர்த்து முயன்று பார்க்கலாம். அங்கன்வாடிக் குழந்தைக்கு அதை வாங்கிக் கொடுப்பதற்கு இப்போதைய சான்றுகளில் நியாயம் இல்லை.

மாவட்டந்தோறும் அமைக்கப்படும் டி.இ.ஐ.சி. எனும் ஆரம்ப இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் இருக்க வேண்டும் என்பது ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் விதி. முதல் வயதில் இதய அறுவை செய்துகொண்ட ஒவ்வொரு குழந்தையையும், தாமதம் தெரியும்வரை காத்திராமல், வீடு திரும்பும் நாளிலேயே அந்த மையத்தின் பதிவேட்டில் சேர்க்கும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கன்வாடிப் பணியாளருக்கும் அந்தப் பெயர் தெரிய வேண்டும். தாய்மார் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது, "என் பிள்ளையின் வளர்ச்சியை யார், எப்போது பார்ப்பார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.