வீட்டு வைஃபைக்கு மாற்று ஏற்பாடு: இரண்டாவது ஆக்சஸ் பாயிண்ட் அமைப்பது எப்படி?

பிள்ளைக்கு ஆன்லைன் தேர்வு, மகளுக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை, இரவானால் வெளிநாட்டில் இருப்பவருடன் வீடியோ அழைப்பு. இன்று பல குடும்பங்களில் இவை அனைத்தும் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே ஒரு ரவுட்டரை நம்பியே நடக்கின்றன. அது நின்றால் எல்லாம் நின்றுவிடும். இதற்கு மாற்று ஏற்பாடு செய்வது பெரிய செலவல்ல. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே பெரும்பாலும் போதும். ஆனால் எந்தப் பழுதுக்கு எது மாற்று என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

பழுது நான்கு வகை

"வைஃபை போய்விட்டது" என்று நாம் சொல்வதில் நான்கு வேறு காரணங்கள் இருக்கலாம்:

1. ரவுட்டரின் வைஃபை அலை மட்டும் நின்றுபோவது
2. ரவுட்டரே முழுதாகப் பழுதாவது
3. வெளியிலிருந்து வரும் ஃபைபர் கேபிள் அறுந்துபோவது
4. மின்தடை

இரண்டாவது ஆக்சஸ் பாயிண்ட் முதல் வகைப் பழுதை மட்டுமே சரிசெய்யும். மற்ற மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு தேவை. இதை அறியாமல் கருவியை மட்டும் வாங்கி வைப்பவர்கள், தேவைப்படும் நாளில் ஏமாந்துபோகிறார்கள்.

பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றுவது

• பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, கேபிள் மூலம் கணினியில் மட்டும் இணையுங்கள். மென்பொருளைப் புதுப்பித்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் ஐபி, டிஎச்சிபி மாற்றங்களை அதுவே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும்.

• அந்த வசதி இல்லையென்றால், முதலில் அதன் ஐபி முகவரியை மாற்றுங்கள். பிரதான ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். பிரதான ரவுட்டர் மற்ற கருவிகளுக்கு வழங்கும் எண்களின் வரிசையில் இந்த எண் இருக்கக் கூடாது.

• வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை (டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3) மூன்றையும் பிரதான ரவுட்டரில் உள்ளபடியே வையுங்கள். அப்போதுதான் ஒன்று நின்றால் செல்போன் தானாக மற்றதற்கு மாறும். மாறும்போது சில விநாடிகள் தடைபடலாம்.

• சேனலை மட்டும் வேறாக வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகியவை ஒன்றோடொன்று மோதாதவை.

• கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு கருவிகள் ஐபி முகவரி வழங்கினால் இணைப்பு குழம்பும்.

• இப்போது பிரதான ரவுட்டரின் லேன் துளையிலிருந்து பழைய ரவுட்டரின் லேன் துளைக்கு ஒரே ஒரு கேபிள் போடுங்கள். 'வான்' அல்லது 'இன்டர்நெட்' என்று குறித்த துளை வேண்டாம். ஆக்சஸ் பாயிண்ட் மோடில் மட்டும் அந்தக் கருவியின் குறிப்பேடு சொல்லும் துளையைப் பயன்படுத்துங்கள். இரண்டு கேபிள்கள் போட்டால் தகவல்கள் சுற்றிச்சுற்றி வந்து மொத்த இணைப்பும் முடங்கலாம்.

கேபிள் இல்லாமல் அலையைப் பெற்றுப் பரப்பும் ரிப்பீட்டர் இதற்கு மாற்றாகாது. பிரதான ரவுட்டரின் அலை நின்றால் அதுவும் நின்றுவிடும்.

மற்ற மூன்று பழுதுகளுக்கு

ரவுட்டரே பழுதானால்: அதன் அமைப்புகளை முன்கூட்டியே கணினியில் சேமித்து வையுங்கள். இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி வையுங்கள். தேவைப்பட்டால் பழைய ரவுட்டரையே பிரதானமாக்க இவை உதவும்.

ஃபைபர் அறுந்தால்: செல்போனில் வைஃபை அடையாளம் முழுதாகத் தெரியும், ஆனால் எதுவும் திறக்காது. இதற்கு 4ஜி சிம் போடும் ரவுட்டரோ செல்போன் ஹாட்ஸ்பாட்டோ தேவை. இந்த சிம், ஃபைபர் தரும் நிறுவனத்தினுடையதாக இல்லாமல் வேறு நிறுவனத்தினுடையதாக இருப்பது நல்லது. இதற்கு வேறு வைஃபை பெயர் கொடுங்கள். ஒரே பெயர் வைத்தால், ஃபைபர் நன்றாக இருக்கும்போதே செல்போன் இதில் இணைந்து டேட்டாவைத் தீர்த்துவிடலாம். தானாக மாற வேண்டுமென்றால் இரண்டு இணைய இணைப்புகளை ஏற்கும் ரவுட்டர் வாங்க வேண்டும். அது கேபிள் செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், வெளியே உள்ள ஒரு முகவரியைத் தொடர்பு கொண்டு சோதிப்பதாக இருக்க வேண்டும். ஏனெனில் தெருவில் ஃபைபர் அறுந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் கேபிள் இணைந்தே இருக்கும்.

மின்தடைக்கு: ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும் (பெரும்பாலும் 12 அல்லது 9) யுபிஎஸ் தரும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது. ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சோதித்துப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, யாருக்கும் அவசர வேலை இல்லாத நேரத்தில், பிரதான ரவுட்டரின் வைஃபையை அணைத்துப் பாருங்கள். பிறகு, வான் துளையில் தனிக் கேபிள் இருந்தால் அதைப் பிடுங்கிப் பாருங்கள். மெல்லிய ஃபைபர் இழையைத் தொட வேண்டாம். கடைசியாக மின் இணைப்பை அணைத்துப் பாருங்கள். எதை எப்போது மாற்ற வேண்டும் என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுங்கள். தேர்வு நடக்கும் நேரத்தில் நீங்கள் வெளியே இருக்கலாம். அப்போது வீட்டில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.