பிராக்டாப்பின்

பிராக்டாப்பின் என்பது பி.ஆர்.சி.ஏ1 என்னும் புரதம் பிற புரதங்களை இனங்கண்டு பிணைவதைத் தடுக்கும் சிறு மூலக்கூறு ஆகும். உயிரணுச் சமிக்ஞைத் தொடரில் ஓர் இணைப்பை மட்டும் துண்டிக்கும் புற்றுநோய் மருந்துகளை வடிவமைக்கும் முயற்சியில் இது உருவாக்கப்பட்டது. பெங்களூரின் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனத்தையும் கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தையும் சார்ந்த குழுவினர் 2018இல் இதனை அறிவித்தனர். குழுவிற்குத் தலைமை தாங்கிய அசோக் வெங்கிட்டராமன் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

பின்னணி

டி.என்.ஏ முறியும்போது அச்செய்தி புரதத்திலிருந்து புரதத்திற்குக் கடத்தப்படுகிறது. கைனேசு நொதிகள் ஒரு புரதத்தின்மீது பாசுபேட்டை ஏற்றுகின்றன. மற்றொரு புரதம் அந்த அடையாளத்தைக் கண்டு பிணைகிறது. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் போன்ற மருந்துகள் கைனேசுகளைத் தடுப்பவை. ஒரு கைனேசு பல புரதங்களில் பாசுபேட்டை ஏற்றக்கூடியது என்பதால், அதனைத் தடுத்தால் பல சமிக்ஞைகள் ஒருங்கே நின்றுவிடலாம். அடையாளத்தைக் காணும் புரதத்தைத் தடுத்தால் ஒன்றை மட்டும் நிறுத்த இயலும். ஆயினும் புரதங்கள் ஒன்றையொன்று தொடும் பரப்பு பெரும்பாலும் அகன்றும் ஆழமற்றும் இருப்பதால், சிறு மூலக்கூறு பற்றிக்கொள்ளத்தக்க பள்ளம் அமைவது அரிது.

செயற்படும் முறை

பி.ஆர்.சி.ஏ1இன் ஒரு முனையில் பி.ஆர்.சி.டி எனப்படும் பகுதி இரட்டையாக அமைந்துள்ளது. இதனை ஒத்த பகுதிகள் மனிதரின் வேறு புரதங்களிலும் உள்ளன. எனவே இவற்றுள் ஒன்றை மட்டும் தடுப்பதே முதன்மையான சிக்கலாகும். கட்டமைப்பு ஆய்வுகளின்படி, பிராக்டாப்பின் இரண்டு இடங்களில் பொருந்துகிறது:

1. பாசுபேட்டு ஏறிய செரைன் அமினோ அமிலத்தை இனங்காணும் இடம்.
2. அதனை ஒட்டியுள்ள, நீரை விலக்கும் பள்ளம். ஒத்த பிற பகுதிகளில் இப்பள்ளம் வேறுபட்டுள்ளது. தேர்வுத்தன்மைக்கு இதுவே காரணம்.

உயிரணுக்களில் இம்மூலக்கூறு, டி.என்.ஏ முறிந்த இடத்தில் பி.ஆர்.சி.ஏ1 சேர்வதைக் குறைத்தது. பழுதுபார்ப்பில் பங்குபெறும் ராட்51 புரதம் அங்கு திரள்வதும் குறைந்தது. பி.ஆர்.சி.டி பகுதிகளையே கொண்ட டாப்பி.பி1, எம்.டி.சி1 ஆகிய புரதங்கள் அங்குச் சேர்வது பாதிக்கப்படவில்லை.

மருத்துவ முக்கியத்துவம்

பி.ஆர்.சி.ஏ1 புற்றுநோயிலிருந்து காக்கும் புரதம். அதன் மரபணுவில் மரபுவழிக் குறைபாடு உடையோருக்கு மார்பகப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் தோன்றும் வாய்ப்பு மிகுதி. எனவே அதனைத் தடுப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் கதிர்வீச்சும் பல புற்றுநோய் மருந்துகளும் டி.என்.ஏவை முறித்தே புற்றணுக்களை அழிக்கின்றன. முறிவைச் சரிசெய்துகொள்ளும் புற்றணு சிகிச்சையிலிருந்து தப்பிவிடுகிறது. அவ்வாற்றலை அக்காலத்திற்கு மட்டும் முடக்குவதே நோக்கம். நலமான உயிரணுக்களுக்கும் இதே பழுதுபார்ப்பு தேவைப்படுவதால், அவற்றுக்கு நேரும் தீங்கையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

2018இன் முடிவுகள் ஆய்வகச் சோதனைகளில் பெறப்பட்டவை. பிராக்டாப்பின் ஓர் ஆய்வுக் கருவியே; நோயாளிகளுக்கு வழங்க ஒப்புதல் பெற்ற மருந்து அன்று.