வான் கூன்ஸ், ரிக்லாஃப் (1619–1682)

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர். போர்ச்சுகீசியரிடமிருந்து 1663-இல் கொச்சியைப் பறித்தவர். இன்றைய ஜெர்மனியின் ரேஸ் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் ஜாவாவுக்குக் கப்பலேறியவர். தூத்துக்குடி, யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் மூன்றும் 1658-இல் இவர் படையிடம் வீழ்ந்தன. மிச்சமிருந்தது மலபாரின் மிளகு.

அதற்கு வழிவிட்டது கொச்சி அரச குடும்பத்தின் உட்பூசல். பட்டத்துரிமை மறுக்கப்பட்ட மூத்த தாவழி இளவரசர் வீரகேரளவர்மன் டச்சுக்காரரைத் துணைக்கு அழைத்தார். 1662 பிப்ரவரியில் மட்டாஞ்சேரி அரண்மனையில் நடந்த சண்டையில் ராஜா ராமவர்மனும் இளவரசர்களும் மாண்டனர். ராணி கங்காதரலட்சுமி சிறைப்பட்டார். அவரைப் பிடித்த டச்சு அதிகாரி வான் ரீடுதான் பின்னாளில் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் தாவரப் பெருநூலைத் தொகுத்தவர். அந்தப் புகழில் இந்தச் சம்பவம் அடிபட்டுப்போனது.

போர்ச்சுகீசியரின் கொச்சிக் கோட்டை மட்டும் விழவில்லை. வான் கூன்ஸ் முற்றுகையைக் கைவிட்டுக் கப்பலேற, போர்ச்சுகீசியரின் கோபம் டச்சுக்காரருக்கு உதவிய மட்டாஞ்சேரி யூதர்மேல் பாய்ந்தது. தெரு சூறையாடப்பட்டது, 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்குத் தீ வைத்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் திரும்பிவந்த வான் கூன்ஸிடம் 1663 ஜனவரியில் கோட்டை சரணடைந்தது. ஜெப ஆலயம் மறுபடி எழுந்தது. யூதத் தெருவின் நினைவில் டச்சு ஆட்சி நல்ல காலமாக நிற்பது இதனால்தான்.

கத்தோலிக்கர் சொல்லும் கதை வேறு. ஐரோப்பியப் பாதிரிமார் வெளியேற்றப்பட்டனர், தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. பிரான்சிஸ்கன் சபையின் கோயில் டச்சுச் சீர்திருத்தச் சபையினர் கைக்குப் போனது. சாந்தா குரூஸ் பேராலயம் பண்டகசாலை ஆயிற்று. போர்ச்சுகலின் முறையீடு சட்டம் சார்ந்தது: 1661 ஆகஸ்டிலேயே ஹேக் நகரில் சமாதானம் கையெழுத்தான பிறகு பிடித்த ஊரைத் திருப்பித் தரவேண்டும் என்றது. டச்சுக்காரர் தரவில்லை.

வீரகேரளவர்மனுக்கு அரியணை கிடைத்தது. மிளகை யாருக்கு விற்பது என்ற உரிமை 1663 மார்ச் ஒப்பந்தத்தோடு கம்பெனியிடம் போய்விட்டது. கொச்சியை விடுவித்தவர் என்று வான் கூன்ஸைச் சொல்வது, ஆகவே, பொருந்தாது. எஜமானரை மாற்றியவர் என்பதே சரி.

வான் கூன்ஸ் 1678 முதல் 1681 வரை பதாவியாவில் தலைமை ஆளுநராக இருந்து, மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அவர் பிடித்த கோட்டையை 1806-இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். மட்டாஞ்சேரியில் ‘டச்சு அரண்மனை’ என்று பெயர் பெற்றுள்ள கட்டடம் 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டியது. டச்சுக்காரர் செய்தது பழுதுபார்ப்பு.