பணம் கொடுத்துக் கற்ற கணக்கு

நம் ஊர்களில் பட்டயக் கணக்காளரை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை, அவர் ஆடிட்டர்தான். அவருடைய அலுவலகத்தில் வவுச்சர் கட்டுகளைப் பிரித்து, பேரேட்டுடன் ஒப்பிட்டு, பச்சை மையில் 'டிக்' போட்டுக்கொண்டிருக்கும் இளைஞரை 'ஆர்ட்டிகிள் பையன்' என்போம். உண்மையில் ஆர்ட்டிகிள் என்பது ஆளின் பெயரன்று. குருவுக்கும் மாணவனுக்கும் இடையே எழுதப்படும் ஒப்பந்தத்தின் ஷரத்துக்கே அப்பெயர். ஷரத்தின் பெயர் ஆளின் மீது ஏறிக்கொண்டதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

கணக்கை ஏட்டில் மட்டும் கற்க இயலாது என்பது பழைய நம்பிக்கை. நம் கணக்குப்பிள்ளைகள் தந்தையின் அருகில் அமர்ந்தே தொழில் பழகினார்கள். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் அந்த நம்பிக்கை சட்டத்தின் உருவத்தை எடுத்தது. எடின்பரோக் கணக்காளர் சங்கம் 1854-இல் அரச சாசனம் பெற்றது. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்காளர் கழகம் 1880-இல் பெற்றது. வழக்கறிஞர் தொழிலில் ஏற்கெனவே இருந்த முறையைக் கணக்காளர்களும் கைக்கொண்டார்கள். இங்கிலாந்தில் பயிற்சிக் காலம் ஐந்தாண்டு, பட்டதாரிக்கு மூன்றாண்டு.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, பணம் எந்தத் திசையில் சென்றது என்பது. அந்நாளில் குரு மாணவனுக்குச் சம்பளம் தருவதில்லை. மாணவனின் தந்தையே குருவுக்கு 'பிரீமியம்' என்ற பெயரில் கட்டணம் செலுத்தினார். அது நூறு கினி, அதற்கு மேலும் என்று போவதுண்டு. ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி மகனை வைத்துக் காப்பாற்றும் செலவு வேறு. எனவே தேர்வுத்தாளைப் பார்ப்பதற்கு முன்பே ஏழை வீட்டுப் பிள்ளை விலக்கப்பட்டுவிட்டான். பெண்களுக்கோ பணம் இருந்தும் வாயில் திறக்கவில்லை. லண்டனில் சொந்தமாகத் தொழில் நடத்திவந்த மேரி ஹாரிஸ் ஸ்மித் 1891-இல் விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். பாலினத் தடையை நீக்கும் சட்டம் 1919-இல் வந்த பிறகு, 1920-இல்தான் அவர் உறுப்பினரானார்.

இந்தியாவில் இக்கதை 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. தணிக்கை செய்ய அரசுச் சான்றிதழ் வேண்டும் என்றது அச்சட்டம். சான்றிதழ் இருவகை. ஒன்று நாடெங்கும் செல்லும். மற்றொன்று குறிப்பிட்ட மாகாணத்துக்குள், சான்றிதழில் எழுதப்பட்ட மொழியில் மட்டுமே செல்லும். ஆம், தணிக்கையாளரின் அதிகாரம் ஒரு மொழியின் எல்லையோடு முடிந்தது! வட்டார மொழியில் எழுதப்பட்ட கணக்கேடுகளுக்கு அரசு அளித்த அங்கீகாரம் என்று இதைக் கொள்ளலாம். இரண்டாந்தர இருக்கை என்றும் கொள்ளலாம். 1920-இல் இவ்வகைச் சான்றிதழ் வழங்குவது நிறுத்தப்பட்டது. இதற்கிடையே 1918-இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் டிப்ளமா தொடங்கப்பட்டிருந்தது. அதில் தேறி, அங்கீகாரம் பெற்ற கணக்காளரிடம் மூன்றாண்டு பயின்றவர் நாடெங்கும் தணிக்கை செய்யலாம். தேர்வும் பயிற்சியும் ஒன்றையொன்று பிரியாத இரட்டையராயின.

விதிகள் தகுதியை மட்டுமா அளந்தன? சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகத்தின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தபோதுதான் கணக்காளராவது என்று அவர் முடிவெடுத்தார். 1933-இல் அந்த டிப்ளமாத் தேர்வில் தேறி இந்தியாவின் முதல் பெண் கணக்காளரானார். சென்னையின் புகழ்பெற்ற தணிக்கையாளர் சி.எஸ். சாஸ்திரியிடம் பயிற்சியும் பெற்றார். ஆனால் சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெறுவதைத் தடுக்கும் விதி குறுக்கே நின்றது. அவர் வழக்குத் தொடுத்து வென்றார். 1937-இல் தனியாகத் தொழில் தொடங்கினார். பின்னர் 1955 முதல் 1958 வரை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். எந்த விதிகள் அவரை வெளியே நிறுத்தப் பார்த்தனவோ, அத்தொழிலை நெறிப்படுத்தும் அவையிலேயே அவர் தலைமை இருக்கையில் அமர்ந்தார்.

அந்தக் கழகம் 1949 ஜூலை 1 அன்று, அவ்வாண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்படி தோன்றியது. அதன் 1988-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைப் புரட்டினால் 47, 48 என்ற இரண்டு விதிகள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். முன்னது, பயிற்சி மாணவரிடம் பிரீமியமோ கடனோ வைப்புத்தொகையோ எந்தப் பெயரிலும் வாங்கலாகாது என்கிறது. பின்னது, குருவே மாணவருக்கு மாதந்தோறும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்கிறது. ஊரின் மக்கள்தொகை 20 லட்சம், 4 லட்சம் என்ற எல்லைகளைக் கொண்டு அத்தொகை மாறும். ஒரு காலத்தில் ஒரு திசையில் ஓடிய பணம் இவ்விரு விதிகளில் எதிர்த்திசையில் திரும்பி நிற்கிறது. வரலாற்றில் இத்தகைய திருப்பங்கள் ஆரவாரமின்றியே நிகழ்கின்றன.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் எழுதிவிட முடியாது. பெருநகரில் அறை எடுத்துத் தங்கும் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த உதவித்தொகை வாடகைக்குப் போதுமா என்பதை அவன் வீட்டாரே அறிவார். எந்த அலுவலகத்தில் இடம் கிடைக்கும் என்பதில் தெரிந்தவர்களின் சிபாரிசுக்கு இன்றும் மதிப்பு உண்டு. 2023 ஜூலை முதல் பதிவு செய்வோருக்குப் பயிற்சிக் காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. ஊதியக் குறைவான ஆண்டுகளில் ஒன்று கழிந்தது என்று மகிழ்வோரும் உண்டு. கிடங்கில் தூசிக்கு நடுவே மூட்டைகளை எண்ணிச் சரக்கிருப்பைச் சரிபார்க்கும் அனுபவத்தில் ஓராண்டு குறைந்ததே என்று வருந்துவோரும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்த முறை ஆடிட்டர் அலுவலகத்தில் காத்திருக்கும்போது, மூலையில் 'டிக்' போட்டுக்கொண்டிருக்கும் அந்த இளைஞரை, அல்லது இளம்பெண்ணை, சற்று நின்று பார்ப்போம். அந்த நாற்காலிக்கு ஒரு காலத்தில் விலை இருந்தது. சிறை சென்றவருக்கு அதிலிருந்து எழுந்து மேலே செல்லத் தடை இருந்தது. விதிகளை எழுதியவர்கள் மனிதர்களே. அவற்றைத் திருத்த வைத்தவர்களும் மனிதர்களே.