இடைத்தேர்தல் தந்த உறுப்பினர்

இடைத்தேர்தலை, மறைந்தவரின் நாற்காலியை நிரப்பும் சடங்கென்றே நாம் எண்ணிவிடுகிறோம். மேற்கு ஆஸ்திரேலியச் சட்டமன்ற வரலாறு வேறொன்று கூறுகிறது.

ஆஸ்திரேலியாவின் முதற்பெண் உறுப்பினராக 1921-ல் அம்மன்றம் புகுந்த எடித் கோவன் அம்மையார், 1924-ல் தோற்றார். மறு ஆண்டு, ஃபாரஸ்ட் தொகுதி உறுப்பினரும் மரத்தொழிலாளர் சங்கத் தலைவர்களுள் ஒருவருமான ஜான் ஹோல்மன் மறைய, இடைத்தேர்தலில் அவர் மகள் மே ஹோல்மன் வென்றார். அந்நாட்டில் தொழிற்கட்சியின் முதற்பெண் உறுப்பினர் அவரே.

தந்தையின் பெயர் வாயிலைத் திறந்தது மெய்தான். ஆனால், மரத்தொழிலாளரின் பாதுகாப்புக்கான 1926-ஆம் ஆண்டுச் சட்டத்திற்காக வாதாடியவர் மகளே. அதன்பின் வந்த தேர்தல்களிலும் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1939 தேர்தலையொட்டி நேர்ந்த கார் விபத்தில் காயமுற்று, மீண்டும் வென்ற நிலையிலேயே மறைந்தார். அடுத்த இடைத்தேர்தலில் அவர் சகோதரர் எட்வர்ட் வென்றார்.

நாற்காலி மரபுரிமையாய்க் கிட்டலாம். மக்களின் நம்பிக்கையையோ உழைத்தே ஈட்டவேண்டும்.