மண்ணரிப்பு வரைபடத்தில் லயங்கள் எங்கே?

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 1981-இல் நிறைவேறிய திருத்தத்தின் வழியே 16அ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளரோ அவரது குடும்பத்தினரோ இறந்தாலும் காயமுற்றாலும் நிர்வாகமே இழப்பீடு தர வேண்டும் என்றது அப்பிரிவு. கூடவே ஒரு விலக்கையும் வைத்திருந்தது. வீடு இடிந்ததற்குக் குடியிருப்பவரின் தவறோ இயற்கைப் பேரிடரோ மட்டுமே நேரடிக் காரணம் என்றால் பொறுப்பு இல்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இதே வாசகம் தொடர்கிறது. மலைத் தோட்டங்களில் மண் சரியும்போதெல்லாம் விவாதம் இந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது: அது இயற்கையா?

செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு மண்ணரிப்பு அபாய வரைபடங்கள் எப்படித் தயாரிக்கப்படுகின்றன என்பதை வழக்காடுவோரும் களப்பணியாளரும் மாணவரும் கற்க வேண்டிய தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு, கேரளத்தின் மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. தென் தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள் அவை, பெரும்பாலோர் தலித்துகள். மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து நேர்ந்தது. கேரள அரசு விமானத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும் லயத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாயும் அறிவித்தது. பேரிடர் நிவாரணத்தில் சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு. அரசாணையில் சாதி எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இனி வரைபடத்துக்கு வருவோம். பெரும்பாலான மண்ணரிப்பு ஆய்வுகள் ஒரே சமன்பாட்டை நம்பியிருக்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் விஷ்மையர், ஸ்மித் ஆகியோர் 1965-இலும் 1978-இலும் வெளியிட்ட கையேடுகளில் வகுத்தளித்த பொது மண்ணிழப்புச் சமன்பாடு, 1997-இல் திருத்தப்பட்ட வடிவத்தைப் பெற்றது. ஐந்து காரணிகளைப் பெருக்கினால் ஓர் எக்டேரில் ஓராண்டில் எத்தனை டன் மண் அடித்துச் செல்லப்படும் என்ற மதிப்பீடு கிடைக்கும். மழையின் தாக்கும் வலு, மண்ணின் தளர்வு, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலப்போர்வை, பாதுகாப்பு நடவடிக்கை ஆகியவை அந்த ஐந்து. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்தப் பெருக்கலைச் செய்து, விடைக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறமிட்டால் வரைபடம் தயார்.

சரிவின் கணக்கு உயர மாதிரிகளிலிருந்து வருகிறது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடார் மூலம் அளந்த உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியாவின் கார்ட்டோசாட்-1 இரட்டைப் படங்களிலிருந்து உருவான உயர மாதிரியும் உண்டு. மழைக்கு, நிலத்து மழைமானிகளையோ ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கட்டங்களாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் மழைத் தரவையோ பயன்படுத்துகிறார்கள். மலையில் ஒரு முகட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெய்யும் மழை ஒன்றல்ல. 10 கிலோமீட்டர் கட்டம் அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். பெட்டிமுடியில் அந்த ஒரு நாளில் 600 மி.மீ.க்கும் மேல் கொட்டியது. தேயிலைத் தோட்டங்கள் தம் அலுவலகங்களில் அன்றாட மழையளவைப் பதிவேட்டில் எழுதி வைப்பது நெடுங்காலப் பழக்கம். எந்தச் செயற்கைக்கோளையும்விட நுட்பமான அந்தச் சான்று நிர்வாகத்தின் கையில் இருக்கிறது என்பதை வழக்குத் தொடுப்போர் மறக்கலாகாது.

நிலப்போர்வையைக் கணிக்கும் இடத்தில்தான் தோட்டங்கள் செயற்கைக்கோளை ஏமாற்றுகின்றன. இலை, சிவப்பு ஒளியை உறிஞ்சி அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து பசுமைக் குறியீடு கணக்கிடப்படுகிறது. தேயிலை உண்மையில் மரம். கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்தப்பட்டது. விரித்த பாய் போன்ற அதன் மேற்பரப்பு மேலிருந்து பார்க்க அடர்ந்த பச்சை. அதன் கீழே களைக்கொல்லி தெளித்து வெறுமையாக்கப்பட்ட தரை இருந்தாலும் குறியீடு உயர்ந்தே காட்டும். தைல மரத் தோட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. மழைத்துளியின் வேகத்தைத் தணிப்பது உயரத்து இலை மட்டுமன்று. தரையோடு ஒட்டிய புல்லும் சருகும்தான். கவாத்து முடிந்த தளத்திலும் மறுநடவு செய்த தளத்திலும் மண் திறந்து கிடக்கிறது. அந்த மாதங்களின் படம் கிடைத்தால் மட்டுமே அது தெரியும். தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ மலை முழுவதும் மேகம். ஒளிப்படச் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவாது. ஆகவே பல ஆய்வுகள் சனவரி முதல் மார்ச் வரையிலான தெளிந்த படங்களைக் கொண்டே போர்வையைக் கணிக்கின்றன. மண் கரையும் பருவத்தில் தரை எப்படி இருந்தது என்பதை அவை சொல்லா. சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தைக் கடந்து பார்க்கும். ஆனால் செங்குத்தான மலையில் ரேடார் படம் நெளிந்தும் நிழல் படிந்தும் வரும்.

ஐந்தாவது காரணியான பாதுகாப்பு நடவடிக்கையே சட்டநோக்கில் மிக முக்கியமானது. சமவுயரக் கான்கள் வெட்டப்பட்டனவா, தூர் வாரப்பட்டனவா, கல் கட்டு போடப்பட்டதா, பாதையின் நீர் எங்கே திருப்பிவிடப்பட்டது என்பனவெல்லாம் இதில் அடங்கும். நிர்வாகம் தன் கடமையைச் செய்ததா என்ற கேள்விக்கான விடை இங்குதான் இருக்கிறது. 30 மீட்டர் கட்டத்தில் ஓரடி அகலக் கான் தெரியாது. எனவே ஆய்வாளர்கள் சரிவுக்கேற்ப அட்டவணை மதிப்பொன்றை இடுகிறார்கள், அல்லது எல்லா இடத்துக்கும் 1 என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். 1 என்றால் அந்தக் காரணி கணக்கில் இல்லாததற்குச் சமம். கான் அடைந்து கிடந்ததை அறிந்தவர்கள் கான் வெட்டியவர்களும் அந்த மலையில் கொழுந்து பறித்த பெண்களும்தாம். அவர்களது வாக்குமூலம் வரைபடத்துக்குப் பின்னிணைப்பு அன்று. வரைபடத்தில் விடுபட்ட காரணி.

அளவையையும் கவனிக்க வேண்டும். மாநில அளவிலான தேசிய மண் வரைபடங்கள் 1:2,50,000 அளவையில் வந்தவை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவையில் அமைந்தது. 40 மீட்டர் நீள லயம் ஒன்று பின்னதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த அளவையில் மலை தெரியும், மனிதர் தெரியார்.

மண்ணரிப்பு வரைபடமும் நிலச்சரிவு வரைபடமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மேற்கண்ட சமன்பாடு பரப்பு அரிப்பையும் சிற்றோடை அரிப்பையும் மட்டுமே அளக்கிறது. மலை பெயர்ந்து வருவதை அது கணிப்பதில்லை. நீதிமன்றத்தில் ஒன்றை மற்றொன்றாகக் காட்டினால் எதிர்த்தரப்பு நிபுணர் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். மேலும் ஒவ்வொரு கட்டமும் தன்னளவில் மதிப்பிடப்படுகிறது. பெட்டிமுடியில் சரிவு தொடங்கியது லயங்களுக்கு வெகு மேலே. சேறும் பாறையும் ஓடை வழியே இறங்கிவந்தன. லயம் இருந்த இடம் பாதுகாப்பான நிறத்தில் இருந்தாலும் அதன் தலைக்கு மேலுள்ள ஓடையின் நிறத்தைக் கேட்க வேண்டும்.

வரைபடம் இருந்தும் உயிர்கள் போன இடமும் உண்டு. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005-இலும் 2011-இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்து, மக்களை அப்புறப்படுத்துமாறு கூறியிருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் புதையுண்டன. எச்சரித்தும் மக்கள் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள், அவர்களுக்குப் போக நிலம் இருந்ததா என்று கேட்பதில்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் இல்லை. மூணாற்றிலும் வால்பாறையிலும் இதே நிலைதான்.

ஆயினும், எச்சரிக்கைப் பதிவு ஒன்று இருந்துவிட்டால் இயற்கைப் பேரிடர் என்ற வாதம் வலுவிழக்கிறது. முன்னறிய முடிந்ததை, முன்னறிந்தபின் தடுக்கத் தவறியதை, இயற்கையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி மாவட்டப் பேரிடர் திட்டத்தில், பேரிடருக்கு ஆளாகக்கூடிய பகுதிகள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அத்திட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். எந்த அளவையில் வரைந்தீர்கள், எந்த மாதத்துப் படம், உயரத் தரவு எது, பாதுகாப்புக் காரணிக்கு என்ன மதிப்பு இட்டீர்கள், தொழிலாளர் குடியிருப்புகளை மேலடுக்காக வைத்துப் பார்த்தீர்களா, அபாய நிறத்துக்குள் விழும் லயங்கள் எத்தனை, அவற்றுக்கு எந்தத் தேதியில் அறிவிப்புக் கொடுத்தீர்கள், மாற்று நிலம் எந்தப் புல எண்ணில் ஒதுக்கப்பட்டுள்ளது என்று தனித்தனிக் கேள்விகளாகக் கேட்க வேண்டும். ஆவணம் இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த பருவமழைக்குப் பின் அதுவே முதல் சான்றாவணமாகக்கூடும்.