மஞ்சள் கடுதாசியும் அப்பாவின் வீடும்

போன ஞாயிறு, இங்கே புனேயில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. ரசத்துக்கு வரும்போது மெதுவாகக் கேட்டார்: "கும்பகோணத்து வீட்டை அப்பா ரிவர்ஸ் மார்ட்கேஜ்ல வச்சு மாசாமாசம் பணம் வாங்கறார் சார். இப்ப என் கம்பெனிக் கடனுக்கு நானே ஜாமீன் போடறேங்கறார். கம்பெனி படுத்துட்டா அந்த வீடு என்ன ஆகும்?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நான் வக்கீலும் இல்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய சட்டங்களைப் புரட்டினேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்த எல்லோருக்கும் உதவும்.

திவாலானவரை நம் பக்கம் "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்" என்பார்கள். கோர்ட் பாஷையில் ஐ.பி., அதாவது இன்சால்வென்சி பெட்டிஷன். 1906 அக்டோபரில் மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து, போட்ட பணத்தைப் பலர் இழந்தார்கள். 1909-ல் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களுக்கும் புது திவால் சட்டம் வந்தது. மற்ற ஊர்களுக்கு 1920-ல் இன்னொன்று. கும்பகோணம் இரண்டாவதில் அடங்கும்.

திவாலானவர் கையில் என்ன மிஞ்சும்? 1909 சட்டப்படி தொழில் கருவி, உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான், எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள். வீடு அந்தப் பட்டியலிலேயே இல்லை! 1920 சட்டம், சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கியதை விட்டுவைத்தது. அதில் விவசாயி குடியிருக்கும் வீடு உண்டு. டவுனில் பென்ஷன் வாங்கும் வாத்தியார் வீடு கிடையாது. அதோடு, அடமானம் பிடித்தவர் மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அடமானச் சொத்தின் மேல் அவருக்கிருந்த உரிமை அப்படியே இருந்தது.

இனி ரிவர்ஸ் மார்ட்கேஜ். 1961-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரத்துச் சேமிப்பு நிறுவனம் ஒன்று, கணவரை இழந்த ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கொடுத்த கடன்தான் இதில் முதலாவது என்பார்கள். நம் நாட்டில் 2007 பிப்ரவரி 28 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் அறிவித்தார். தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறை வகுத்தது. 60 வயது தாண்டியவர், தான் சம்பாதித்து வாங்கித் தானே குடியிருக்கும் வீட்டை வைத்து மாதாமாதம் பணம் வாங்கலாம். உயிரோடு இருக்கும்வரை அங்கேயே இருக்கலாம். கணவன் மனைவி இருவர் காலத்துக்கும் பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். வீட்டு மதிப்புக்கு மேல் கடன் ஏறினாலும் அதிகப்படியை யாரும் கேட்க முடியாது. வருகிற பணத்துக்கு வருமான வரியும் இல்லை என்று 2008-ல் சட்டம் திருத்தினார்கள். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அதே விதிமுறையில், கடனை முன்கூட்டியே முடித்துக் கேட்கலாம் என்று சில காரணங்கள் இருக்கின்றன. தொடர்ந்து ஒரு வருஷம் வீட்டில் தங்காவிட்டால். வீட்டு வரியோ இன்ஷூரன்ஸோ கட்டாவிட்டால். மூன்றாவது, கடன் வாங்கியவர் தன்னைத் திவால் என்று அறிவித்துக்கொண்டால். மாதப் பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது நிற்கும், அசலும் வட்டியும் திரும்பக் கேட்கப்படும்!

2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது. கடனாளியின் ஒரே குடியிருப்பு வீட்டை விலக்குப் பட்டியலில் சேர்த்தார்கள். நகரத்தில் 20 லட்சம், கிராமத்தில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை. படிக்கும்போது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த வார்த்தையைப் பார்த்ததும் போய்விட்டது. வீடு "வில்லங்கம் இல்லாததாக" இருக்க வேண்டுமாம். ரிவர்ஸ் மார்ட்கேஜ் போட்ட வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள், அடமானம் அதில் இருக்கும்.

இந்தத் தனிநபர் பகுதி 2019 டிசம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. எல்லோருக்கும் அல்ல, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்! 2021 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே கையெழுத்துப் போடுகிற அப்பாதான் நேராக அந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார்.

மறுநாள் நண்பருக்குப் போன் பண்ணி மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, கம்பெனி கவிழ்ந்து நீங்களே திவாலானாலும், அப்பா கையெழுத்துப் போடாதவரை அவர் வீட்டை உங்கள் கடன்காரர்கள் தொட முடியாது. அது அவர் சம்பாதித்தது. இரண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வேலி போய்விடும். அடமானம் பிடித்த வங்கி தன் பாக்கியை எடுத்தபின் மிஞ்சுவது ஜாமீன் கேட்டவர்களுக்கு. மூன்று, எதற்கும் ஒரு நல்ல வக்கீலிடம் இரண்டு பத்திரத்தையும் காட்டுங்கள்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன் சார். 'உனக்கு ஒண்ணுன்னா நான் எதுக்குடா இருக்கேன்'னு கோவிச்சுண்டார்."

கோபம் நாலு நாளில் ஆறிவிடும். அதுவரை அவர் தன் திண்ணையிலேயே உட்கார்ந்து கோபித்துக்கொள்ளலாம்.